கப்பலுக்குப் பல் வலித்த மழைக்காலம்

"விழுந்தது நான்! என்னை விட்டுட்டு நீங்க குதிரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?"

சேற்றுக் குட்டைக்குள் உட்கார்ந்தபடி அவள் போட்ட சத்தத்தில், லாயத்துக்குள் இருந்த குதிரைகள்கூட ஒரு நிமிடம் மெல்லுவதை நிறுத்தின. அந்த ஆள் மட்டும் அசையவில்லை. கொட்டுகிற மழையில், ஒரு குடைகூட இல்லாமல், கப்பலின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அதன் வாயோரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு நீங்களே சொல்லிடுவீங்க... இவனால சொல்ல முடியாதே," என்றான், திரும்பாமலே.

அவளுக்கு வந்த கோபத்தில் இடுப்பு வலி இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

கப்பல் என்பது குதிரையின் பெயர். சாம்பல் நிறம், ஆறு வயது. நடக்கும்போது லேசாக ஆடி ஆடிப் போகும் என்று குட்டியிலேயே வைத்த பெயர். அதை வளர்த்ததும், அதன் முதுகில் முதன்முதலாகச் சேணம் போட்டதும் அவள்தான். அந்தக் குதிரையேற்றப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவள்தான் என்பதால் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் 'டீச்சர்'. பள்ளியை நடத்தும் அவளுடைய அப்பா 'மாஸ்டர்'. குட்டியிலிருந்தே அடக்கமாக இருந்த கப்பலுக்கு இரண்டு மாதமாக என்னவோ ஆகிவிட்டது. வலப்பக்கம் திருப்பினால் போதும்... தலையை உதறும், பின்னங்காலில் எழும்பும், வேலியைப் பார்த்துப் பாயும். போன மாதம் மாஸ்டரையே தூக்கிப் போட்டதில் அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. இன்றைக்கு மகளின் முறை.

அது கையில் போன் வைத்துக்கொண்டு திரியாத காலம். வழி தெரியவில்லை என்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். இப்போது நினைத்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் காலத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். வழி சொல்லும் போன் ஒன்று இருந்திருந்தால் அவன் நேராகப் பந்தயக் குதிரைப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்திருப்பான். வேலியோரம் வேனை நிறுத்திவிட்டு வழி கேட்க வாயைத் திறந்த நேரம் பார்த்து அவள் அவன் காலடியில் விழுந்திருக்க மாட்டாள்!

"நீங்க யாருன்னு மொதல்ல சொல்லுங்க," என்றாள், எழுந்து பின்பக்கத்துச் சேற்றைத் தட்டிக்கொண்டே. தட்டத் தட்டப் பரவியது.

"பல் டாக்டர்."

"எங்க யாருக்கும் பல்லு வலிக்கல."

"மனுஷங்களுக்கு இல்லீங்க... குதிரைக்கு." இப்போதுதான் திரும்பினான். மழைத்தண்ணீர் சொட்டுகிற இமைகள்... அதற்குள்ளே சிரிக்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற இரண்டு கண்கள். அந்தக் கண்களை அவள் அப்போது ரசிக்கவே இல்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை சத்தியம் செய்திருக்கிறாள். யார் நம்புவது?

"வலப்பக்கம் திருப்பினா மட்டும்தானே அடம்பிடிக்கிறான்?"

அவள் சேற்றைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"புல்லு திங்கும்போது பாதி மென்னு, உருண்டை உருண்டையா கீழ துப்புறானா?"

துப்பியது. ஒரு மாதமாகத் துப்பியது. விளையாடுகிறது என்று நினைத்து அவள் சிரித்திருக்கிறாள், பிள்ளைகளிடம் காட்டிக்கூடச் சிரித்திருக்கிறாள். முன்பின் தெரியாத ஒருத்தன், வேலிக்கு வெளியே நின்று, இரண்டு நிமிடத்தில் அதைச் சொல்வதா? குட்டியிலிருந்து வளர்த்தவளுக்குத் தெரியாதது இவனுக்குத் தெரியுமா?

"இல்ல," என்றாள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. குதிரைக்குத் திமிர், அவ்வளவுதான்."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து நனைந்த அட்டை ஒன்றை எடுத்து வேலிக் கம்பத்தில் செருகினான். "ஒரு வாரம் அந்தப் பந்தயப் பண்ணையிலதான் இருப்பேன், அங்கத்த நம்பர் அட்டைக்குப் பின்னால இருக்கு. அது எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். ஆறு கிலோமீட்டர்." நல்ல வேளை, வழியிலாவது பொய் சொல்லவில்லை.

*

"யாருடி அது, மழையில உன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினவன்?" அப்பாவின் அக்கா, அதாவது அவளுடைய அத்தை, சமையலறை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அம்மா இல்லாத அந்த வீட்டில் அத்தைதான் எல்லாம். அடுப்பு, டெலிபோன், வம்பு, மூன்றும் அவள் பொறுப்பு.

"அவன் என்கிட்ட பல்லைக் காட்டல, அத்தை. குதிரைப் பல்லைக் காட்டச் சொன்னான்."

"நல்லா இருக்கே! பொண்ணு விழுந்து கிடக்கா, இவன் குதிரையைக் கொஞ்சுறான்."

"அட்டையைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்."

"போட்டியா... சரி சரி," என்றாள் அத்தை. அந்த 'சரி சரி'யில் ஏதோ இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் அப்பா, கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டே முடிவைச் சொன்னார். "சனிக்கிழமை லாரி வருது. வியாபாரிகிட்ட பேசிட்டேன்."

அந்த வியாபாரியின் லாரியில் ஏறிய குதிரை எதுவும் திரும்பி வந்ததில்லை. எங்கே போகிறது என்று யாரும் கேட்பதும் இல்லை... பதில் தெரியும் என்பதால்.

"அப்பா, இன்னும் கொஞ்ச நாள்..."

"பாப்பா, கடிவாளத்துல வாய்க் கம்பியை மாத்திப் பார்த்தாச்சு. மூக்குப் பட்டையை இறுக்கிப் பார்த்தாச்சு. நாப்பது வருஷமா குதிரை முதுகுலயே காலம் தள்ளினவன் நான். கெட்டுப் போன குதிரை எதுன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு ஒரு புள்ளையைக் கீழ தள்ளி, ஏதாவது ஆச்சுன்னா? யார் பதில் சொல்றது?"

அப்பா கல்மனசுக்காரர் இல்லை. பயந்துபோயிருந்தார். தன்னைவிடப் பிள்ளைகளுக்காக.

மறுநாள் காலை லாயத்தில் வெகுநேரம் நின்றாள். கப்பல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு மென்றது. மென்றது... நிறுத்தியது... வாயோரத்திலிருந்து ஈரப் புல்லுருண்டை ஒன்று பொத்தென்று அவள் காலடியில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். எச்சிலில் ஊறிய, பாதி அரைபட்ட உருண்டை. பிரித்துப் பார்த்தாள். ஒரு புல்லில் லேசான சிவப்பு.



ஓட்டமாகச் சமையலறைக்கு வந்து குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள்.

"எதைத் தேடுற?" என்றாள் அத்தை, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த அட்டையா? காய வச்சு, டெலிபோன் பக்கத்துல வச்சிருக்கேன். எதுக்கும் இருக்கட்டுமேன்னு."

*

அப்பா எலும்புக்குப் படம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகிற புதன்கிழமை மத்தியானமாகப் பார்த்து அவனை வரச் சொன்னாள். திருட்டுத்தனம்தான்.

வேனிலிருந்து அவன் சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கினான். நீள நீளமான அரங்கள், ஒரு வாளி, நெற்றியில் கட்டும் விளக்கு, குதிரையின் வாயைத் திறந்தபடி நிறுத்தும் இரும்புச் சட்டம்.

"அன்னைக்கு நீங்க கேட்டீங்கல்ல..." என்று தொடங்கினாள். "துப்புறான். ஒரு மாசமா துப்புறான். நான் இல்லன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீங்க 'இல்ல'ன்னு சொல்லும்போது, உங்க பூட்ஸ் பக்கத்துலயே ரெண்டு உருண்டை கிடந்துது."

"அப்புறம் ஏன் அப்பவே கேக்கல?"

"விழுந்த ஆளை மறுபடியும் தள்ளி விடுவாங்களா?" என்றான், ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஊசி போட்ட ஐந்து நிமிடத்தில் கப்பல் அரைத்தூக்கத்துக்குப் போனது. கனத்த தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டது. அவன் சட்டத்தை மாட்டி, வாயைக் கழுவி, கையை உள்ளே விட்டான். முகம் மாறியது.

"உங்க கையைக் குடுங்க."

"எதுக்கு?"

"நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம். நீங்களே தொட்டுப் பாருங்க."

அவன் கை அவள் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனது. சூடான, ஈரமான இருட்டு. வலது பக்கம், மேலே, கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம்... விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கத்தி!

"குதிரைக்குப் பல்லு வளர்ந்துக்கிட்டே இருக்கும். வெளியில நாள் பூரா மேஞ்சா ஒழுங்கா தேயும். லாயத்துலயே நின்னு தின்னா ஓரம் மட்டும் தேயாம இப்படி நின்னுடும்." விளக்கை உள்ளே திருப்பினான். "இப்ப கன்னத்தைப் பாருங்க."

கன்னத்தின் உட்புறம் நீளமாக ஒரு புண். ஆறி, கிழிந்து, மறுபடி ஆறி, மறுபடி கிழிந்த புண்.

"வலது லகானை இழுக்குறப்பல்லாம் கன்னம் இந்தப் பல்லு மேல அழுந்தும். தலையை உதறாம என்ன செய்வான்? சரி, தலையை உதறுறான்னு மூக்குப் பட்டையை இறுக்கினா, அது கன்னத்தை இன்னும் அழுத்தும். அப்ப எழும்பத்தான் செய்வான். வேற வழி?"

அவள் பக்கத்து ஆணியில் தொங்கிய பட்டையைப் பார்த்தாள். தோல் பட்டையில் வரிசையாக ஆறு ஓட்டைகள் கடையிலேயே போட்டவை. ஏழாவது ஓட்டை மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தது. அது அவள் போட்டது. ஆறாவது ஓட்டையும் போதவில்லை என்று போன வாரம் குத்தூசி எடுத்து, மடியில் வைத்து, அழுத்தி அழுத்தித் துளைத்தது. துளைத்துவிட்டுக் கப்பலின் காதில் 'இனிமே ஒழுங்கா இருப்பியா?' என்று வேறு கேட்டாள்.

"நான்தான்..." என்றாள். "நான்தான் இறுக்கினேன். தினமும்... என் கையாலயே..."

அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் தோளில் குதிரையின் தலை, நகர முடியாது, கண்ணைத் துடைக்கக் கை இல்லை. அவன் நெற்றி விளக்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

"இதைப் பிடிங்க. அழுதுக்கிட்டே பிடிக்கலாம், பரவால்ல. ஆட்டாம மட்டும் பிடிங்க."

அவள் பிடித்தாள். ஆட்டாமல் பிடித்தாள். சர்ர்... சர்ர்... என்று அரம் ஓடியது. பல் தேயும் வாடை, மருந்து வாடை, ஈர வைக்கோல் வாடை. அவன் முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். நெற்றியில் வியர்வை. ஒவ்வொரு முறை இழுத்ததும் "அவ்வளவுதான்டா... அவ்வளவுதான்டா ராஜா..." என்று கப்பலிடம் முணுமுணுத்தான். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க அவளுக்குள் ஏதோ இளகிக்கொண்டே போனது. யாராவது தன்னிடம் இப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள். நினைத்ததும் வெட்கமாகிவிட்டது.

"யாரைக் கேட்டு என் லாயத்துக்குள்ள வந்தே?"

வாசலில் அப்பா. கட்டுப் போட்ட கை, மழைக்கோட்டு, மூக்கு மேல் கோபம்.

"அப்பா, நான்தான் வரச் சொன்னேன். வந்து கை வச்சுப் பாருங்க. பல்லு..."

"பல்லாவது, சொத்தையாவது! இவன் பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து குதிரை ஏறுறவன் நான். எனக்குத் தெரியாத பல்லு இவனுக்குத் தெரியுமா?"

அவன் அரத்தை வாளியில் வைத்தான். "ஐயா, ஏறத் தெரிஞ்சவரு நீங்கதான். எனக்கு ஏறவே தெரியாது. மேல உக்காந்தா எனக்குத் தலை சுத்தும். ஆனா உள்ள இருக்குறது புண்ணு. பத்து நாள் வாயில கம்பி போடாம விடுங்க. அப்புறம் மெத்துனு ஒரு கம்பி, தளர்வா பட்டை. அவ்வளவுதான் கேக்குறேன்."

"சனிக்கிழமை லாரி வருது."

"வரட்டும்," என்றாள் அவள். "என்னையும் சேர்த்து ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

அவள் அப்பாவிடம் அப்படிப் பேசியதே இல்லை. அவர் கொஞ்ச நேரம் மகளையும், அவள் தோளில் தூங்கிய குதிரையையும் பார்த்தார்.

"பத்து நாள். பதினோராவது நாள் லாரி. அதுவரைக்கும் இந்த ஆள் இந்த கேட்டைத் தாண்டக் கூடாது."

*

தாண்டவில்லை. டெலிபோன் தாண்டியது.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டு நடையில் மணி அடிக்கும். அத்தைதான் முதலில் எடுப்பாள். "ஆமாங்க... குதிரை நல்லா இருக்கு... நானும் நல்லா இருக்கேன், நீங்க கேக்கலன்னாலும் சொல்றேன்... இருங்க, யார்கிட்ட பேசணுமோ அவகிட்ட குடுக்குறேன்."

"என்ன சாப்பிட்டான்?"

"ஊற வச்ச புல்லு. மூணு வேளையும் மிச்சமே இல்ல."

"உருண்டை?"

"காலையில ஒண்ணு. சாயங்காலம் இல்ல."

"சாணம்?"

"நல்லா இருக்கு. புல்லெல்லாம் நல்லா அரைஞ்சு..."

அடடா! உலகத்தில் எத்தனையோ பேர் நிலாவைப் பற்றிப் பேசிக் காதலித்திருப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் சாணத்தைப் பற்றிப் பேசினார்கள். பேசி முடித்தும் வைக்க மனசில்லாமல், "அங்க மழையா?" என்பான். "மழைதான். அங்க?" என்பாள். ஆறு கிலோமீட்டரில் மழை என்ன மாறிவிடும்? ஆனாலும் தினமும் கேட்டார்கள். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவள் நடையில் இருந்த அலமாரியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். அந்த வாரம் அந்த அலமாரி பளபளத்த மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஏழாவது நாள் அவன் கேட்டான். குரல் கொஞ்சம் தயங்கியது.

"ஒண்ணு கேக்கலாமா... நீங்க தினமும் போன் எடுக்குறது... குதிரைக்காக மட்டும்தானா?"

சமையலறை வாசலில் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே அப்பா செய்தித்தாளைப் புரட்டுவதை நிறுத்தியது போலிருந்தது. நாக்கு நுனி வரை வந்த பதிலை அந்தப் பாழாய்ப்போன வீம்பு பிடித்து உள்ளே இழுத்தது.

"பின்ன வேற எதுக்கு?" என்றாள், சிரித்துக்கொண்டே.



"சரிதான்... பத்தாவது நாள் ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. வலி போயிடும். வலிக்கும்னு இருக்குற பயம் உடனே போகாது. மொதல்ல தலையை உதறத்தான் செய்வான். சண்டை போடாதீங்க. காத்திருங்க." வைத்துவிட்டான்.

மறுநாள் ஏழு மணிக்கு மணி அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"அலமாரியில இன்னும் தூசி இருக்கா?" என்று கேட்க வந்த அத்தை, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். நீயே போன் செய்தால் என்ன என்று மனசு ஒத்தைக் காலில் நின்றது. செய்து என்ன சொல்வது? குப்பையில் போட்ட அட்டையை எடுத்துக் கொடுக்க அத்தை இருந்தாள். சொன்ன வார்த்தையை யார் எடுத்துக் கொடுப்பது?

*

பத்தாவது நாள் மழை விட்டிருந்தது. வேலியோரம் அப்பா நின்றார். அவள் மெத்தென்ற கம்பியை மாட்டினாள். மூக்குப் பட்டையை இரண்டு விரல் நுழையும்படி தளர்த்தினாள். ஏறி உட்கார்ந்தாள்.

இடப்பக்கம் ஒரு சுற்று. சரி. வலது லகானை லேசாகத் தொட்டாள்... கப்பல் தலையை உதறியது.

"பார்த்தியா?" என்றார் அப்பா. குரலில் வெற்றி எதுவும் இல்லை. "நான் சொன்னேன்ல..."

அவள் கைகள் பழக்கத்தில் இறுகப் பார்த்தன. விட்டாள். லகானை நீளமாக விட்டாள். கப்பல் நின்றது. உடம்பு விறைத்து, வரப்போகிற அடிக்காகக் காத்திருப்பது போல நின்றது. அவளும் காத்திருந்தாள். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... "அவ்வளவுதான்டா ராஜா," என்றாள். அது யாருடைய வார்த்தை என்று அப்பாவுக்குத் தெரியாது. கப்பலின் காது திரும்பியது. நாக்கால் கம்பியை ஒரு தடவை புரட்டிப் பார்த்தது. மென்றது. வலிக்கவில்லை போலிருக்கிறது... மறுபடி மென்றது. பெரிதாக ஒரு மூச்சு விட்டது.

அவள் சுண்டுவிரலை மட்டும் அசைத்தாள். கப்பல் வலப்பக்கம் திரும்பியது. நடந்தது, ஓடியது. வட்டம், அதற்குள் சின்ன வட்டம்... தலை ஆடவே இல்லை.

அவள் குதிரையை நிறுத்தியதும் அப்பா பக்கத்தில் வந்தார். நல்ல கையைத் தூக்கி, கப்பலின் வாயோரமாக விரலை உள்ளே விட்டுத் தடவினார். வழவழப்பான பல் ஓரம். அதற்கு எதிரே கன்னத்தில், ஆறிய புண்ணின் தழும்பு. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இவ்வளவு வலியோடயாடா என்னைச் சுமந்தே?" என்றார் குதிரையிடம். கண் கலங்கிவிட்டது. "கீழ தள்ளுறதுக்கு முன்னாடி ஒரு மாசம் பொறுத்துக்கிட்டில்ல... நான் உன்னைக் கெட்டவன்னு சொல்லிட்டேனே..."

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு மகளைப் பார்த்தார். "லாரியை வர வேண்டாம்னு சொல்லிடுறேன். அந்தப் பையனுக்கு நீ போன் போடு. நான் வரச் சொன்னேன்னு சொல்லு."

வீட்டுப் படியிலிருந்து அத்தை கத்தினாள். "நான் போட்டுட்டேன்! சாமானெல்லாம் வேன்ல ஏத்திக்கிட்டு இருக்கானாம். இன்னைக்கே வேற ஊருக்குப் போறானாம்!"

அவள் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்தது. அப்பா அதைப் பார்த்தார். செய்தித்தாளை நிறுத்திவிட்டுக் கேட்ட மனுஷன்தானே அவர்! கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"கப்பல்லயே போ. சீக்கிரம்."

*

ஆறு கிலோமீட்டர். தார் ரோட்டின் ஓரமாக, ஈர மண்ணில், இரண்டு மாதமாக நிம்மதியாக ஓடாத குதிரை அன்றைக்கு ஓடியது. அவள் வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துச் சேர்த்து வைத்தாள். பண்ணை வாசலில் அந்த வேனைப் பார்த்ததும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவன் வாளியை ஏற்றிக்கொண்டிருந்தான். குளம்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான். முதலில் பார்த்தது குதிரையின் வாயைத்தான்! பிறகுதான் மேலே பார்த்தான்.

"ஓடுறானே..." என்றான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "வலப்பக்கம்?"

"திரும்புறான்."

"தலை?"

"ஆட்டல. அப்பா கை வச்சுப் பார்த்தாரு. லாரி வராது."

"நல்லது... ரொம்ப நல்லது." கையைத் துணியில் துடைத்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? போன்லயே சொல்லியிருக்கலாமே."

எவ்வளவு சுலபமான வழி! 'ஆமா, நன்றி சொல்ல வந்தேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடலாம். மானமும் போகாது. அவளுக்குப் பழக்கமான வழி அதுதான்.

அவள் குதிரையிலிருந்து இறங்கினாள்.

"இதைச் சொல்ல வரல," என்றாள். "எனக்கு ஒரு கெட்ட குணம் இருக்கு. மனசுல இருக்குறதை யாராவது சரியா கண்டுபிடிச்சுட்டா உடனே இல்லன்னு சொல்லிடுவேன். போன்ல நீங்க கேட்டப்பவும் அதான் செஞ்சேன். குதிரைக்காக இல்ல... மூணாவது நாள்லேர்ந்தே குதிரைக்காக இல்ல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. போதுமா?"

பதில் லாயத்துக்குள்ளிருந்து வந்தது. பண்ணைக்காரர் வைக்கோல் கட்டை இறக்கி வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"அம்மா, புண்ணியமாப் போகும், இந்த ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயிடு! போன திங்கக்கிழமையே இங்க வேலை முடிஞ்சுது. அப்போலேர்ந்து போறேன் போறேன்னு சொல்லிட்டு, தேச்ச பல்லையே தேச்சுக்கிட்டு இருக்கான். இன்னும் ரெண்டு நாள் விட்டா என் குதிரைங்க பொக்கை வாயோடதான் பந்தயம் ஓடணும்!"

அவன் காது மடல் வரை சிவந்துபோனான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்... கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள்.

"பத்தாவது நாள் என்ன ஆச்சுன்னு தெரியாம போக மனசு வரல," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "அதுவும் குதிரைக்காக இல்ல." பிறகு நிமிர்ந்தான். அந்தக் கண்கள் இப்போது தயங்கவில்லை. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. சேத்துல உக்காந்து என்னைத் திட்டினீங்களே, அப்போலேர்ந்து. ஆனா நான் ஊர் ஊரா போற ஆளு. எந்த ஊர்லயும் ஒரு வாரத்துக்கு மேல தங்கினது இல்ல."

"இங்க தங்குங்க."

"எத்தனை நாள்?"

"நான் போகச் சொல்ற வரைக்கும்."

இருபத்தெட்டு வருஷமாகிறது. அவள் இன்னும் சொல்லவில்லை.